செத்தவர் சொன்ன காலை வணக்கம்

"தண்டுக் குரல் நேயர்களுக்குக் கவியரசனோட காலை வணக்கம். எல்லாரும் எந்திரிச்சாச்சா? தண்ணி வந்திருக்கும். மொதல்ல கொடத்த வெச்சிட்டு வாங்க. நா எங்கயும் போயிட மாட்டேன்."

அறிவிப்பாளர் சங்கமித்ரா பொத்தானைத் தட்டிக் குரலை நிறுத்தினாள். ஸ்டூடியோவில் இருந்த நான்கு பேரும் கொஞ்ச நேரம் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கயும் போயிட மாட்டேன்னு அவர் சொல்றாரு," என்றான் டேரில். "போய்ச் சேர்ந்துட்டாருன்னு நீங்க சொல்றீங்க. யார நம்பறது சார்?"

ருக்மிணி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவளுடைய துப்பறியும் நிறுவனத்தில் அவள் ஒருத்தி, டேரில் ஒருத்தன். அவன் வாயை மூட வைப்பது நிறுவனத்தின் நிர்வாகச் செலவுகளில் ஒன்று.

ஸ்ரீகண்டன் சிரிக்கவில்லை. மாநில அரசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். வானொலியை நடத்தும் அறக்கட்டளைக்குத் தலைவர். ருக்மிணியின் அப்பாவோடு ஒரே செக்‌ஷனில் வேலை பார்த்தவர் என்பதால் அவளுக்குச் சிறு வயதிலிருந்து மாமா.

"அவன் செத்துப் போயி பல வருஷம் ஆறதும்மா," என்றார். "ரயில்ல விழுந்துட்டான்னு கேள்வி. நல்ல குரல். குடிதான் கெடுத்தது."

கன்டோன்மென்ட்டைத் தண்டு என்று சொல்லும் பழைய ஆட்கள் பெங்களூர் ஆஸ்டின் டவுனில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் தண்டுக் குரல் தொடங்கியது. தையல் வகுப்பு நடந்த ஒரு அறையில், சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, ஒரு மைக் வைத்து. கல்யாண வீடுகளுக்கு மைக் செட் கட்டிக்கொண்டிருந்த கவியரசன் அதன் முதல் அறிவிப்பாளர். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் சாயங்காலம் வந்து உட்கார்ந்து, எஜமானியம்மாக்களைப் பெயர் சொல்லாமல் கிழிப்பார்கள். அந்த நிகழ்ச்சியை நடத்தியவள் சந்திரம்மா. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் ஒலிபரப்பில் கேட்டால், "மூணு விசில் ஆச்சு, எறக்குங்க பாப்பாம்மா," என்று கவியரசன் மைக்கிலேயே சொல்வார். நாலைந்து கிலோமீட்டருக்கு மேல் எட்டாத வானொலி அது. எட்டிய இடத்தில் அதை அணைத்து வைத்த வீடு கிடையாது.

பிறகு அறக்கட்டளை இரண்டு மாடிக் கட்டடம் கட்டியது. கீழே ஸ்டூடியோ, மேலே டிரான்ஸ்மிட்டர். அதற்கும் பிறகு ஒரு மழைநாளில் கால்வாய்ச் சுவர் இடிந்து சந்துக்குள் வெள்ளம் புகுந்தது. சந்திரம்மாவின் புருஷன் கோவிந்தப்பாவைத் தண்ணீர் கொண்டுபோனது.

"அன்னிக்கு எச்சரிக்கை சொல்ல வேண்டியவன் குடிச்சுட்டு மைக் முன்னாடி தூங்கிட்டான்," என்றார் ஸ்ரீகண்டன். "பாட்டுதான் ஓடிண்டிருந்தது. பதினஞ்சாவது வருஷத்துக்கு நம்ம ஸ்டேஷன் சரித்திரத்தைத் தொடரா பண்றோம். முதல் பாகத்தில் நானே இதைச் சொன்னேன். சரித்திரம்னா கறையையும் சொல்லணுமில்லையா. அதுக்கு மறுநாள்லேர்ந்து இது வர ஆரம்பிச்சுது."

"எப்படி வருது?"

சங்கமித்ரா பதில் சொன்னாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது அவளுக்கு. "நேயர்கள் வாட்ஸாப்ல வாய்ஸ் அனுப்புவாங்க மேடம். பழைய நேயர் யாரோ நினைவுகள் சொல்றாங்கன்னு போட்டுட்டேன். எனக்கு அந்தக் குரல் தெரியாது. போட்டதும் போன் வர ஆரம்பிச்சுது பாருங்க, நிக்கவே இல்ல. ஒரு அம்மா அழுதாங்க. ஒருத்தர் கெட்ட வார்த்தையில திட்டினார். மூணு பாகம் வந்திருக்கு. தையல் கிளாஸ், முட்டை அட்டை, அதெல்லாம் சொல்லிக்கிட்டு வர்றாரு. இன்னும் மழைக்கு வரல. அனுப்பற நேரம் தவிர அந்த நம்பர் ஆஃப்ல இருக்கும்."

"நம்ம பழைய டேப்பை எல்லாம் எவனோ திருடி வெச்சிருக்கான்," என்றார் ஸ்ரீகண்டன். "யார்னு மட்டும் கண்டுபிடி ருக்மிணி. போலீஸ் வேண்டாம், பேப்பர்ல வரும். நீ நம்மாத்துப் பொண்ணு. அதான் உன்னைக் கூப்பிட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியம் ருக்மிணிக்குப் பிடிக்கவில்லை. திறமைக்காகக் கூப்பிட்டதாக ஒருத்தராவது சொன்னால் தேவலை.

*

தொம்மலூரில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது அவள் ஆபீஸ். மத்தியானம் வரை மூன்று பாகங்களையும் ஹெட்போனில் திரும்பத் திரும்பக் கேட்டாள். டேரில் மேஜையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

"இங்க கேளு," என்றாள். "'பாப்பாம்மா வீட்டு ஆடு ஸ்டூடியோக்குள்ள'ன்னு ஆரம்பிக்கிறாரு. நிறுத்துறாரு. அப்புறம்தான் 'வந்திருச்சு'ங்கறாரு. நடுவில் எதுக்கு நிறுத்தணும்?"

"ஆடு முட்டியிருக்கும்."

"எல்லாப் பாகத்திலும் இப்படி இடைவெளி இருக்கு. வாக்கியத்துக்கு நடுவில், எங்க நிறுத்தக் கூடாதோ அங்க. நல்ல அறிவிப்பாளர் அப்படி நிறுத்த மாட்டார். பக்கத்தில் யாராவது பேசினால் ஒழிய. அடுத்தவர் பேசும்போது மேலே பேசாதது ரேடியோக்காரங்க பழக்கம்."

ஒலியை முழுக்க ஏற்றி, அந்த இடைவெளியை மட்டும் ஓட்டினாள். ஒரு இரைச்சல். அதற்குப் பின்னால், மெல்லிய ஒரு பெண்குரல். உணர்ச்சியே இல்லாத குரல்.

*இருபது ரூபாய் பெறப்பட்டது.*

டேரில் தாளத்தை நிறுத்தினான். "மேடம், இது கடைல வெச்சிருக்கற டப்பா. போன்ல காசு போட்டா கத்துமே, அது."

"அது எப்ப வந்தது?"

"கொரோனாவுக்கு முன்ன பின்ன. வெள்ளம் வந்தப்பெல்லாம் கெடயாது." அவன் முகத்தில் சிரிப்பு பரவியது. "சக்கத் மேடம், சூப்பர். அப்ப இது பழைய டேப்பே இல்ல. செத்தவரு டீக்கடைல உக்காந்து பேசியிருக்காரு."

இன்னும் ஒரு இடைவெளி இருந்தது. அதில் ஒரு சங்கு ஊதியது. அது ஊதியதும், பின்னணியில் அதுவரை டங் டங் என்று விழுந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று நின்றது. இரும்பை அடிக்கிற பிரஸ். ஷிஃப்ட் முடிந்தால் நிற்கிற பிரஸ்.

"பீன்யா தொழிற்பேட்டை," என்றாள் ருக்மிணி.

"பீன்யால டீக்கடை எண்ணினா நமக்கு வயசாயிடும்."

"டப்பா என்ன பாஷை பேசுது?"

டேரில் ஒரு நொடி அவளைப் பார்த்தான். பெங்களூரில் அந்தப் பெட்டிகள் கன்னடம் பேசும், இங்கிலீஷ் பேசும், சில இடங்களில் ஹிந்தி பேசித் திட்டு வாங்கும். தமிழ் பேச வேண்டுமென்றால் கடைக்காரர் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். அவன் ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்தவன். சாப்பாடு டெலிவரி பண்ணும் சிநேகிதர்கள் ஊர் முழுக்க இருந்தார்கள். ஒருத்தனுக்குப் போன் போட்டான். கன்னடத்தில் பாதி, தக்னி உருதுவில் பாதி பேசினான். மூன்றாவது போனில் விஷயம் கிடைத்தது.

"பிரஸ் கம்பெனி எதிர்ல ஒரு கடையாம். டப்பா தமிழ் பேசுதுன்னு பசங்க கிண்டல் பண்ணுவாங்களாம். ஓனரம்மா பேரு..." அவன் குரல் இறங்கியது. "சந்திரம்மா, மேடம்."

ருக்மிணி ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள். கவியரசனால் தாலியறுத்ததாக ஊரே சொல்கிற பெண். அவள் கடையில் உட்கார்ந்து கவியரசன் எதற்குக் கதை சொல்ல வேண்டும்?

*

டேரிலின் ஸ்கூட்டரில் பீன்யா போய்ச் சேர்வதற்குள் ருக்மிணி இந்நகரத்தின் புழுதி முழுவதையும் தின்றுவிட்டாள். பிரஸ் கம்பெனி மதில் ஓரமாகத் தகரக் கூரை போட்ட கடை. உள்ளே புத்தர் படமும் அம்பேத்கர் படமும். அறுபது வயதை ஒட்டிய ஒரு அம்மாள் வடை போட்டுக்கொண்டிருந்தாள். கழுத்தில் கைக்குட்டை சுற்றிய ஒல்லியான மனிதர் ஒருவர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு டீ. ஒண்ணு சக்கர கம்மி," என்றான் டேரில். போனை நீட்டிக் காசு போட்டான். அலமாரியிலிருந்து அந்த உணர்ச்சியற்ற குரல் தமிழில் கணக்குச் சொன்னது. அவன் ருக்மிணியின் காதோரம் குனிந்தான். "சாட்சி வாய் தொறந்திருச்சு."

ஒல்லி மனிதர் டீயைக் கொண்டு வந்து வைத்தார். சக்கரை கம்மி யாருக்கு என்று கேட்கவில்லை. புருவத்தை மட்டும் உயர்த்தினார். ருக்மிணி கை காட்டினாள்.

"சந்திரம்மா நீங்கதானே?" என்று கேட்டாள். "தண்டுக் குரல்லேர்ந்து வர்றோம்."

வடைக் கரண்டி எண்ணெய்க்கு மேலே அப்படியே நின்றது. "அப்டி ஒண்ணு இன்னும் கீதா?" என்றாள் சந்திரம்மா. "இன்னா வோணும் உங்களுக்கு?"

"கவியரசனோட குரல் உங்ககிட்ட எப்படி வந்துச்சுன்னு தெரியணும்."

"எனுக்குத் தெரியாது. டீ ஆறுது, குடிங்க."

அதற்கு மேல் அவள் வாயிலிருந்து எதுவும் பெயரவில்லை. ருக்மிணியின் போன் அடித்தது. ஸ்ரீகண்டன். அவள் கடைக்கு வெளியே, தகரக் கூரையின் ஓரத்தில் போய் நின்றுகொண்டாள்.

"ஏதாவது தெரிஞ்சுதாம்மா?"

"கிட்டத்தட்ட முடிஞ்சுது மாமா. யாரும் டேப்பைத் திருடல. இதெல்லாம் புதுசாப் பேசிப் பதிவு பண்ணினது. கவியரசன் உயிரோட இருக்கார்னு நினைக்கறேன்."

"அதெப்படி?" அவர் குரலில் எரிச்சல். "புதுசாப் பேசறதாவது. அவனுக்குத்தான் தொண்டையையே எடுத்தாச்சே. ஒரு சத்தம் வராது."

எதிரே மதிலுக்குள் பிரஸ் விழுந்து விழுந்து எழுந்தது.

"யாருக்கு மாமா தொண்டையை எடுத்தா?"

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"ரயில்ல விழுந்தவாளுக்கு எதுக்கு ஆபரேஷன்?"

"ருக்மிணி, நீ சின்னப் பொண்ணு. உனக்கு இதெல்லாம்..."

அவள் போனை அணைத்தாள். ஐம்பது வயதில் அவளைச் சின்னப் பெண் என்று கூப்பிட இந்த ஊரில் அவர் ஒருத்தர்தான் பாக்கி. திரும்பிக் கடைக்குள் பார்த்தாள். ஒல்லி மனிதர் பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்தப் புழுக்கத்தில், கொதிக்கிற பாய்லருக்குப் பக்கத்தில் நிற்கிறவர், கழுத்துக் கைக்குட்டையை அவிழ்க்கவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தத் துணி உள்ளே போய் வெளியே வந்தது.

அவள் அவர் அருகில் போனாள்.

"காலை வணக்கம், கவியரசன் சார்," என்றாள். மத்தியானம் தாண்டியிருந்தது.

அவர் துடைப்பதை நிறுத்தினார். டேரில் டீ கிளாஸை வாயருகில் வைத்தபடி உறைந்து போனான். சந்திரம்மா அடுப்பைக் குறைத்தாள். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, அவருக்கும் ருக்மிணிக்கும் நடுவில் நின்றாள்.

"கண்டுபுட்ச்சிட்டீங்களா?" என்றாள். "இப்ப இன்னா, இஸ்துக்கினு போயி அந்தாள் கால்ல போடப் போறீங்களா?"

"ஸ்ரீகண்டன் எங்கிட்டப் பொய் சொல்லியிருக்கார்," என்றாள் ருக்மிணி. "ஏன்னு தெரியாம நான் இங்கேர்ந்து போக மாட்டேன்."

கவியரசன் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு, உட்காரச் சொல்லிக் கை காட்டினார்.

*

சந்திரம்மா சொன்னாள். நடுவில் அவர் கை அசைத்தால் நிறுத்தி, உதட்டைப் பார்த்து, திருத்திச் சொன்னாள்.

"அன்னிக்கி மழ ஊத்துது. வூட்டு வாசல்ல தண்ணி. எங்கூட்டுக்காரு, போயிடலாமாடீன்னு கேட்டாரு. நாந்தான் சொன்னேன், ரேடியோல பாட்டுதான் ஓடுது, எதுனா ஆபத்துன்னா கவி சொல்ல மாட்டாரான்னு. இருந்துட்டோம். அப்பால செவுரு வுய்ந்திச்சு. நான் ஜன்னல் கம்பியப் புட்ச்சிக்கினேன். அவரு புடிக்கல."

டேரில் தலையைக் குனிந்துகொண்டான்.

"மறுநா இந்தாளு வந்து, நா பேசினேன், பேசிக்கினே இருந்தேன்றாரு. ஒலிபரப்புனத எல்லாம் பதிஞ்சி வெச்சிருப்பாங்களே, அத எங்களுக்குப் போட்டுக் காமிச்சாரு ஸ்ரீகண்டன் சாரு. பாட்டுத்தான் கீது, பேச்சே இல்ல. குட்ச்சிட்டுத் தூங்கிட்டான்னாரு சாரு. தெருவே சேந்து அடிச்சிச்சு. மொதல் செருப்பு என்னுது."

கவியரசன் அதை வேண்டாம் என்பதுபோலக் கையசைத்தார். அவள் பொருட்படுத்தவில்லை.

பிறகு அவர் எங்கெங்கோ கூலி வேலை செய்தார். தொண்டையில் கட்டி வந்தது. எடுத்தால்தான் உயிர், எடுத்தால் குரல் போய்விடும் என்றார்கள். ஆபரேஷனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தேடிப் பிடித்து இந்தக் கடைக்கு வந்து நின்றார். குரல் இருக்கும்போதே உன்னிடம் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், நீ கேட்டால் போதும் என்றார். தினம் மத்தியானம் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, அவளுடைய போனில் பேசினார். வானொலி பிறந்ததிலிருந்து அந்த மழை வரைக்கும்.

"சாவப் போறவன் பொய் சொல்றதுக்கு அடிச்சவகிட்டயே வருவானா?" என்றாள் சந்திரம்மா. "அப்பதான் நம்பினேன். ஆஸ்பத்திரிக்கு இவரு எங்கயோ மனு போட, அது அந்த டிரஸ்டுக்கே போயிருக்குது. சாரு வந்தாரு. செலவு நாங்க பாத்துக்கறோம், அன்னிக்கி நடந்தத மட்டும் யார்கிட்டயும் பேசக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு. பேச்சே போவப் போற மன்சன்கிட்ட, பேசாதன்னு வாக்கு."

"கடைசிப் பாகத்தை அனுப்பலையா?"

"மூணு அனுப்பினேன். குடிகாரன்னு ரேடியோல அந்தாளு சொன்னத பழைய தெரு ஆளுங்க போன்ல அனுப்ச்சாங்க, கேட்டு மன்சு ஆறல. கடசீதுக்கு இவரு வுட மாட்டேன்றாரு. வாக்கு குட்த்துட்டாராம்." அவள் அவர் பக்கம் திரும்பினாள். "வாக்கு குடுக்க மட்டும் வாய் இருந்திச்சாய்யா உனுக்கு?"

அவர் தரையைப் பார்த்தார். கைக்குட்டை வேகமாக உள்ளே போய் வந்தது.

ருக்மிணி போனை வாங்கிக் கடைசிப் பாகத்தைக் கேட்டாள். கேட்டு முடித்ததும் கவியரசனுக்கு நேராக உட்கார்ந்தாள்.

"ஸ்ரீகண்டன் எங்கிட்ட உங்களைப் பத்தி என்ன சொன்னார் தெரியுமா? செத்துட்டீங்கன்னார். பல வருஷம் ஆச்சுன்னார். கொஞ்சமும் தடுமாறல."

கவியரசன் நிமிர்ந்தார். அவர் வாய் திறந்தது, தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை, கழுத்துத் துணிக்குப் பின்னால் காற்று மட்டும் சீறியது. அவர் சிரிக்கிறார் என்பது ருக்மிணிக்குப் புரியச் சற்று நேரம் ஆனது.

"செத்தவங்க குடுத்த வாக்கு செல்லாது சார்," என்றான் டேரில். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை.

அவர் சந்திரம்மாவிடம் கை நீட்டினார். அவள் போனைக் கொடுத்தாள். கண்ணுக்கு அருகில் பிடித்து, நிதானமாகத் தேடி, ஒற்றை விரலால் அழுத்தினார். அனுப்பியதும் போனை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு டீ ஆற்றப் போனார்.

ருக்மிணி சங்கமித்ராவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண் முழுதும் கேட்டுக்கொண்டாள்.

"இதைப் போட்டா எனக்கு வேலை போயிடும் இல்ல மேடம்?"

"போயிடும்."

"காலையில லைவ் இருக்கு. போடறேன். ஆனா சார் மேல போயி மாத்திட்டார்னா?"

"மேல நான் இருக்கேன்," என்றாள் ருக்மிணி.

*

மறுநாள் காலை சங்கமித்ரா வழக்கம்போல மேல்மாடிக் கதவைத் திறந்து டிரான்ஸ்மிட்டரை உயிர்ப்பித்துவிட்டுக் கீழே இறங்கினாள். ருக்மிணி அந்த அறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். உள்ளே ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு மிக்ஸர், இரண்டு ஒயர். ஒரு ஒயரைப் பிடுங்கி இன்னொன்றைக் குத்தினால், கீழே பேசுகிறவன் யாருக்கும் கேட்காமல் ஆயுசு முழுக்கப் பேசிக்கொண்டிருக்கலாம்.

நிகழ்ச்சி தொடங்கியபோதே படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. ஸ்ரீகண்டன் மூச்சு வாங்க ஏறி வந்தார். அவளைப் பார்த்ததும் நின்றார்.

"எழுந்திரும்மா."

"மாட்டேன் மாமா."

"உங்கப்பா இருந்திருந்தா..."

"அப்பா இருந்திருந்தா இந்த நாற்காலியில அவர் உக்காந்திருப்பார்னு நினைச்சுக்கறேன். நிஜமாத் தெரியாது. தெரியாம இருக்கறதே நல்லது."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். கத்தவில்லை. கணக்குக் கேட்கிற மேலதிகாரியிடம் விளக்கம் சொல்கிறவர் போலத் தாழ்ந்த குரலில் பேசினார். "நம்ம மாதிரி ஸ்டேஷன்ல நியூஸ் போடக் கூடாது. ரூல். சுவர் இடியப் போறதுன்னு சொல்லி, இடியலேன்னா? பீதியைக் கிளப்பினான்னு லைசென்ஸைப் பிடுங்கியிருப்பா. அந்தச் சுவரைக் கட்டின கான்ட்ராக்டர்தான் நமக்கு இந்தக் கட்டடத்தையும் கட்டிக் குடுத்தவர். நான் ஸ்டேஷனைக் காப்பாத்தினேன்."

"சுவர் இடிஞ்சுதே மாமா."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

கீழே தெருவில் யாரோ வைத்திருந்த ரேடியோவிலிருந்து அந்தக் கரகரத்த குரல் ஏறி வந்தது.

"செவுத்துல விரிசல் வுட்டுருச்சுன்னு ஒரு பொண்ணு ஓடியாந்து சொல்லிச்சு. மேல சாருக்குச் சொன்னேன், வேணாம்னாரு. நா மைக்க ஆன் பண்ணிட்டேன். அன்னிக்கி சொன்னத அப்படியே இப்ப சொல்றேன். கால்வாய்ச் சந்துல இருக்கறவங்க எல்லாம் வெளிய வாங்க. பொருளப் பாக்காதீங்க. முடியாதவங்களத் தூக்கிக்கினு மேட்டுக்கு வாங்க. கோவிந்தப்பா, யோவ், அடுப்ப அணைச்சிட்டு சந்திரம்மாவ இட்டுக்கினு வெளிய வாய்யா. யோசிக்காத. வந்துரு. இதத்தான் சொன்னேன். சொல்லிக்கினே இருந்தேன். எம் முன்னால செவப்பு லைட்டு எரிஞ்சிக்கினுதான் இருந்திச்சு. ஸ்டூடியோக்குள்ள தண்ணி வந்தப்புறம் மேல ஓடினேன். மேல கம்ப்யூட்டர்ல பாட்டு ஓடுது. ஒயர மாத்திக் குத்தியிருக்குது."

ஸ்ரீகண்டன் ஒரு அடி முன்னால் வைத்தார். ருக்மிணி எழுந்து நின்றாள். அவர் அவளைத் தள்ளுவாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை போலிருந்தது. கையை நீட்டியவர், பிறகு அதைப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"கேக்குது மேடம்," என்று தெருவிலிருந்து டேரில் குரல் கொடுத்தான். "எல்லா வூட்லயும் கேக்குது."

சந்துகளிலிருந்து ஆட்கள் வந்து கட்டடத்தின் முன்னால் கூடினார்கள். அன்றைக்குச் செருப்பைக் கழற்றியவர்கள் அதில் இருந்திருப்பார்கள். இன்று யாரும் எதையும் கழற்றவில்லை. ஒரு கிழவர் டேரிலிடம், "அப்ப அவரு பேசிக்கினுதான் இருந்தாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றான். கிழவர் தலையை ஆட்டிக்கொண்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாருமே கிளம்பினார்கள்.

அன்று மத்தியானம் அறக்கட்டளை ஒரு அறிவிப்பை வாசலில் ஒட்டியது. பராமரிப்புப் பணிக்காக ஒலிபரப்பு காலவரையின்றி நிறுத்தி வைக்கப்படுகிறது. சங்கமித்ரா தன் பையோடு வெளியே வந்தாள். தண்டுக் குரலின் சரித்திரத் தொடர் கவியரசனின் நான்காவது பாகத்தோடு நின்றது. வானொலியும் அதோடு நின்றது.

ருக்மிணி அந்த வழக்குக்கு அறிக்கை எழுதவில்லை. நேராகப் பீன்யாவுக்குப் போனாள். கவியரசன் பாய்லர் அருகில் நின்றார். காலையில் அவர் ரேடியோவைத் தேடவும் இல்லை, யாரையும் போனில் போட்டுக் காட்டச் சொல்லவும் இல்லை என்றாள் சந்திரம்மா. எப்போதும்போல டீ போட்டாராம்.

"முழுசா ஒலிபரப்பாயிடுச்சும்மா," என்றாள் ருக்மிணி. "யாராலும் நிறுத்த முடியல. சந்துல எல்லாரும் கேட்டாங்க."

சந்திரம்மா வடையை எண்ணெயிலிருந்து எடுத்து வடிய வைத்தாள்.

"அன்னிக்கி கேக்க வேண்டியவரு கேக்கலியேம்மா," என்றாள்.